முழங்கால்

ஜூலை. நார்த்டேல் பள்ளி மைதானத்தில்
உப்புத் தூவினாற்போல் உறைபனி.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் கிடக்கிற ஊர்.
இறங்கிய குளிர் ஏறிப்போக வழி தெரியாமல்
பத்து மணிவரை எங்களோடுதான் நிற்கும்.

அப்போது நான் பிரிஃபெக்ட்.
பிளேசரில் பித்தளை பேட்ஜ்,
கையில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்.
வாசலில் நின்று சொல்வேன்: முட்டி போடு.
ஸ்கர்ட் விளிம்பு சிமெண்டைத் தொட்டால் போகலாம்.
தொடாவிட்டால் இடைவெளியை அளந்து
பெயருக்கு நேரே எழுத வேண்டும்.
கெருஷா படையாச்சி, நாலு.
தெஷ்னி முடலி, இரண்டரை.
தெஷ்னி அந்த வருஷம் வளர்ந்துவிட்டாள், ஸ்கர்ட் வளரவில்லை.
அதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.
பையன்கள் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி
எங்களைத் தாண்டிப் போனார்கள்.

நொக்வாண்டா கோப்ஸ்வில்லிலிருந்து நடந்து வருபவள்.
இருட்டோடு கிளம்புவாள்.
முட்டி இரண்டும் சாம்பல் பூத்திருக்கும்.
ஒருநாள் மண்டியிட்டபடியே கேட்டாள்:
"குளிரையும் அளக்குமா இது?"
ஆறு, என்று எழுதினேன்.

வியாழக்கிழமை அசெம்பிளி.
என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏன் சொல்வார்கள்?
கீதம் முடிந்தது. தலைமையாசிரியர் மைக்கைத் தட்டினார்.
கெருஷா முட்டி போட்டாள்.
பிறகு அவள் வரிசை, பின் வரிசை,
பிறகு எட்டாம் வகுப்புச் சின்னப் பெண்கள்,
காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒருத்தி பக்கவாட்டில் சரிந்து.
கத்தவில்லை. அட்டை பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
முழங்கால் என்று எழுதிப் பழகியிருக்கிறேன்.
அதற்குள் ஒரு முழம் இருப்பது தெரியும்,
அளக்கிறவளுக்குத் தெரியாதா?
ஒரு முழக்கமும் இருந்தது. அன்றைக்குத்தான் கேட்டது.

"எழுந்திருங்கள்."
நாள் தவறாமல் எங்களை மண்டியிட வைத்த பள்ளி
முதல்முறையாக எழச் சொன்னது.
யாரும் எழவில்லை.
"ப்ளீஸ்," என்றார் பிறகு.
மைக் அதையும் பெரிதாக்கியது.

நின்றுகொண்டிருந்த பெண் நான் ஒருத்திதான்.
துணிச்சல் என்று பின்னால் சொன்னார்கள். இல்லை.
இத்தனை பேர் நடுவே நெட்டையாய் நிற்கக் கூச்சம், அவ்வளவே.
முட்டி சிமெண்டில் பட்டதும்
முதுகெலும்பு வரை ஏறியது.
இரண்டு வருஷமாக எல்லோரையும் இதில் இறக்கியிருக்கிறேன்.

நொக்வாண்டா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
கையை நீட்டினாள். ஸ்கேலைக் கொடுத்தேன்.
என் ஸ்கர்ட் விளிம்பில் நிறுத்திக்
குனிந்து, ஒரு கண்ணை மூடி,
"மூணு," என்றாள்.
வரிசையே குலுங்கியது.

திங்கட்கிழமை சுற்றறிக்கை:
குளிர்காலம் மட்டும். சாம்பல் நிறம் மட்டும்.
தந்தையின் கையெழுத்தோடு விண்ணப்பிக்கலாம்.
பெண்கள் கழிப்பறையின் மூன்றாவது கதவில்
ஒயிட்னரால் யாரோ பதில் எழுதியிருந்தார்கள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

பேட்ஜைக் கழற்றிக்கொண்டார்கள். பிளேசரில் இரண்டு ஊசித்துளை.
விண்ணப்பம் போடாமல்
அண்ணனின் பழைய பேண்டை இடுப்பில் பின் குத்தி,
கீழே இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுப் போனேன்.
பாக்கெட்டுக்குள் மணிக்கட்டு வரை போனது கை.
அடியில் ஒரு பப்பிள்கம் தாள்.

இடைவேளையில் மூன்றாவது கதவைத் தட்டினேன்.
உள்ளே பேச்சு நின்றது.
"யாரு?"
பெயரைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கதவடி இடுக்கு வழியே
முதலில் என் ஸ்கேல் வந்தது, காலருகே நின்று பார்த்தது.
அப்புறம்தான் தாழ்ப்பாள்.