இடது காலுக்கு வேலையில்லை

ஆண்டிபட்டிக் கணவாய். ராத்திரி ரெண்டே கால்.
முதுகுல நானூறு சிப்பம் அரிசி,
விடியுமுன்ன கம்பத்துல இறக்கணும்.
டேஷ்போர்டுல நம்பர்
மூணுங்குது,
ரெண்டுங்குது,
திரும்ப மூணுங்குது,
பொண்ணு பாக்கப் போன வீட்டுல
அக்காவா தங்கச்சியான்னு முழிக்கிற மாப்பிள்ளை மாதிரி.
அது யோசிக்கலாம்.
மேடு யோசிக்காது.
ஒரு முழம் பின்னால வந்துச்சு வண்டி.

கல்லு வைக்கக் கிளீனர் இல்ல.
"ஆட்டோமேட்டிக்குக்கு எதுக்குய்யா ரெண்டு ஆளு?"ன்னு
மொக்கராசை முதலாளி நிப்பாட்டினது
தைப்பூசத்துக்கு மறுநாள்.
ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு
நானே இறங்கி, இருட்டுல நானே தடவி,
நானே கல்லைக் கொடுத்துட்டு
ஏறி உக்காந்தா
மஞ்ச வெளக்கு.
இனி இருபதைத் தாண்ட மாட்டேன்னு அர்த்தம்.

யூரியாத் தண்ணி சரியில்லையாம்.
நேத்துத்தான் பங்குல புது வாளி உடைச்சு ஊத்துனேன்.
உத்தப்பநாயக்கனூர் சொசைட்டி வாசல்ல
யூரியாவுக்கு எங்க மச்சினன் வரிசையில நிக்கிறான்.
நான் லாரிக்கு ஊத்துறேன்.
ரெண்டு பேருக்கும் வெளச்சல் இல்ல.

போன் அடிச்சுது.
பீபீகுளத்துல ஃபேனுக்கடியில படுத்திருக்கிற முதலாளிக்கு
நான் ஒரு சிவப்புப் புள்ளி.
"ஏன் நிக்குது?"
வண்டியக் கேக்குறாரா, என்னையக் கேக்குறாரா?
வாங்கிப் பதினாலு மாசத்துல
ஒர்க் ஷாப்புல கெடந்தது ரெண்டு மாசம்.
டியூ மட்டும் பதினாலு.
அவருக்கும் தூக்கம் வராதுதான்.

பழைய வண்டியப் புகழ மாட்டேன்.
சமயநல்லூர் பாலத்துல
கிளட்ச் பிளேட்டு எரிஞ்சு
ஒரு பகல் முழுக்கப் புகையோட நின்னவன் நான்.
இந்த இடது முட்டிக்கு மட்டும்
பெரியாஸ்பத்திரியில பதினோரு ஊசி.
ஆனா அது கெடப்போவுதுன்னா
நாத்தம் அனுப்பும், சத்தம் குடுக்கும்,
வாய்விட்டு அழுதுட்டுத்தான் நிக்கும்.
இது வெளக்கைக் காட்டுது,
எதுக்குன்னு கேட்டா
கோவிச்சுக்கிட்ட சம்பந்தி கணக்கா
மூஞ்சியத் திருப்பிக்குது.

இப்ப முட்டிவலி இல்ல. அது உண்மை.
வேலையத்த கால்தான் சும்மா கெடக்க மாட்டேங்குது.
தூக்கத்துல மிதிக்குதாம்.
"அடுத்த கியர் போடுறதா இருந்தா
அந்தப் பக்கம் திரும்பிப் போடு"ங்குறா பேச்சியம்மா.

ஏழு மணிக்கு வந்தான் கப்பலூர்லருந்து ஃபெலிக்ஸ்.
கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு.
ராத்திரி மூணாவது வண்டியாம்.
லேப்டாப்பை மடியில வச்சு, வயரைச் சொருகி,
ரொம்ப நேரம் பாத்தான்.
"எரர் எதுவும் இல்லண்ணே. வண்டி நல்லாருக்கு."
"அப்ப எனக்கா எரரு?"
சிரிக்கல அவன்.
பேட்டரி வயரைக் கழட்டிட்டு
டீ இருக்கான்னு கேட்டான்.
பிளாஸ்க்குல இருந்த ஆறுன டீயை
ஆளுக்குப் பாதி குடிச்சோம்.
பத்து நிமிஷம் கழிச்சு மாட்டினான்.
வெளக்கு இல்ல.
"என்ன பண்ணுனே?"
"தெரியலண்ணே. ரிப்போர்ட்டுல
சாஃப்ட்வேர் அப்டேட்டுன்னு போட்டுக்கிறேன்."

கல்லைத் தள்ளிவிட்டுக் கெளம்புனேன்.
கம்பத்துக்காரர் ஆறு தடவை கூப்பிட்டிருக்காரு.
வெயில் ஏறிடுச்சு. கோயிலைத் தாண்டி
அதே வளைவு, அதே மேடு.
ரெண்டுக்கு எறங்கணும்னு
முந்திக்கிட்டு இடது கால்
வெறுந்தரைய அழுத்துச்சு.
ரெண்டு செகண்டு கழிச்சு
நம்பர் மாறுச்சு.
என் பேச்சைக் கேட்டுத்தான் மாறுச்சுன்னு
நெனச்சுக்கிட்டேன்.
நெனக்கக் காசா பணமா.