வெள்ளை வட்டம்

ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு
வாளியும் தூரிகையுமாக நான் போகவேண்டும்.
பட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை வட்டம்,
பக்கத்தில் எண்.
அவ்வளவுதான் எனக்கிட்ட வேலை.

பிரான்சில் மழையில் கிடந்து துருவேறி
கப்பலில் வந்து இறங்கியது இந்த ஜெர்மன் டாங்கி.
விலை பேசவே இல்லையாம்,
எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்களாம்.
எழுபது டன்.
வழியிலுள்ள ஒவ்வொரு பாலத்தைப் பற்றியும்
ரயில்வேக்காரர்கள் தனித்தனியாகக் கடிதம் போட்டார்கள்.

வெட்டர்ன் ஏரிக்கரையில்
பைன் மரங்களை வெட்டிய திடலில்
முதல் வாரம் ஓட்டிப் பார்த்தார்கள்.
ஓட்டியவன் ஹால்வார்,
உருளைக்கிழங்கு வயலில் டிராக்டர் பழகியவன்.
இறங்கி வந்து
"வெண்ணெய் மாதிரி திரும்புது" என்றான்,
சொல்லிவிட்டு ஏனோ வெட்கப்பட்டான்.

எஞ்சினைக் கழற்றிய பிறகு
அது வண்டி இல்லை. இலக்கு.

உள்ளே ஐந்து பேருக்கு இடம்.
ஐந்திலும் மரத்தூள் மூட்டை வைத்தோம்.
தளபதி மூட்டைக்கு யாரோ தொப்பி மாட்டினார்கள்,
கேப்டன் ரூடெலியுஸ் கழற்றச் சொன்னார்.
நான் தூக்கிவைத்த மூட்டைக்கு அடியில்
ஒரு சீப்பு கிடந்தது.
நாலு பல் போனது.
அறிக்கைப் படிவத்தில் சீப்புக்குக் கட்டம் இல்லை.

நெற்றியில் பதினோரு குண்டு.
ஒன்றும் இறங்கவில்லை.
பதினோராவது தெறித்துப் பனியில் விழுந்து
புஸ்ஸென்று தனக்கொரு குழி உருக்கிக்கொண்டது.
மார்பில் மட்டும் புண் ஏந்தி நின்றது அது.
அப்படி நின்றதை
சங்கிலி கட்டி இழுத்து
நாங்களே புறமுதுகாகத் திருப்பி நிறுத்தினோம்.
முதல் குண்டிலேயே முதுகு பிளந்தது.

கைதட்டினார்கள்.
செத்த பாம்பை அடித்த கைகள்.
நானும் தட்டினேன்,
தூரிகை கையில் இருந்ததை மறந்து.
முகமெல்லாம் வெள்ளை.

வியாழக்கிழமை என்பதால் பட்டாணி சூப்,
பிறகு அப்பம், ஜாம்.
போர்க்காலம் முழுவதும்
வியாழக்கிழமைகள் எங்களுக்குத் தவறியதில்லை.

நான் மால்ம்பெரியெட் சுரங்கத்து ஆள்.
நாற்பத்தொன்றில், நாற்பத்திரண்டில்
இரும்புத்தாது வண்டிகளுக்கு எண் போட்டவன்.
இதே அகலத் தூரிகை,
இதே வெள்ளை.
வண்டி லூலியோவுக்குப் போகும்,
அங்கிருந்து கப்பல்,
அங்கிருந்து எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்ததை யாராவது கேட்பார்களா?
கூலி நாள் தவறாமல் வந்தது.

ஓட்டைகளின் விளிம்பைச் சுரண்டி
கண்ணாடிக் குழாய்களில் அடைத்துக்கொண்டிருந்தாள்
ஆய்வுக்கூடத்து டூரா ஆல்ம்லேவ்.
"இந்த இரும்பு எந்த ஊர் என்று
பார்த்தால் தெரியுமா?"
"மாங்கனீசு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு,
அது தெரியும். ஊர் தெரியாது."
மூடியைத் திருகியபடி நிமிர்ந்தாள்.
"ஏன் கேட்கிறீர்கள்?"
"சும்மா."

மூன்று மணிக்கே இருட்டியது.
எல்லோரும் லாரிக்குப் போய்விட்டார்கள்.
வாளியில் மிச்சம் உறைந்துகொண்டிருந்தது.
இடது பக்கத் தகட்டில்,
எந்தக் குண்டும் தொடாத இடத்தில்
ஒரு வட்டம் போட்டேன்.
எண் போடவில்லை.
எந்த எண்ணில் தொடங்குவது?
என் வண்டிகளை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் கேப்டன் விரல்விட்டு எண்ணினார்.
வட்டம் நாற்பத்தெட்டு, குண்டு நாற்பத்தேழு.
மறுபடி எண்ணினார்.
லெப்டினன்டை எண்ணச் சொன்னார்.
"கணக்கு இடிக்கிறதே" என்றார் என்னைப் பார்த்து.
கை தவறிவிட்டது என்றேன்.
சட்டைப் பையில் சீப்பின் பற்கள்
குத்திக்கொண்டிருந்தன.

அழிக்கச் சொன்னார்.
டர்பன்டைன் இல்லை, ஊரிலிருந்து வரவேண்டும்.

அறிக்கை ஒரு நாள் தாமதமாகப் போனது.