கண்ணில் தூசி

இரவு இரண்டு நாற்பதுக்கு
பதினேழாம் எண் லாரி கண்ணை மூடியது,
வார்டன் தாண்டி, நெடுஞ்சாலை நேராகக் கிடக்கும் இடத்தில்.

டர்பனில், எண்ணெய் ஆலை வாடை
ஜன்னல் சாத்தினாலும் நுழையும் அறையில்
என் திரையில் சிவப்புப் புள்ளி துடிக்கிறது.
இமை மூடியது: மூன்று புள்ளி இரண்டு விநாடி.
எண்பதில் ஓடும் வண்டிக்கு
அது எழுபத்தோரு மீட்டர்.
எழுபத்தோரு மீட்டருக்கு
முப்பது டன் ஆரஞ்சுப் பழம்
தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

போன் போடுகிறேன்.
"மண்ட்லென்கோசி, தூங்கினாயா?"
"இல்லை சிஸ்டர். கண்ணில் தூசி."

ஒன்பது வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
ஒருவனும் தூங்கியதில்லை.
எல்லோருக்கும் தூசிதான்.

கேமரா அனுப்பிய பத்து விநாடித் துண்டை ஓட்டுகிறேன்.
சாம்பல் நிற முகம்.
தாடை மெல்லத் தொங்குகிறது,
கை மட்டும் ஸ்டீயரிங்கை விடவில்லை.
பிறகு விலுக்கென்று நிமிர்ந்து
தன் கன்னத்தில் தானே அறைகிறான்.
கண்ணாடியை இறக்கி ஜூலைக் குளிரை உள்ளே விடுகிறான்.
பச்சை மிளகாயைக் கடிக்கிறான்.
அது நான் சொல்லிக்கொடுத்த வைத்தியம்,
சொல்லியிருக்கக் கூடாது.

ஒருமுறை சம்பளச் சீட்டு வாங்க வந்தபோது சொன்னான்:
"கண் சொக்கினால் இருட்டிவிடும் என்று நினைக்கிறீர்கள்.
இல்லை. தூக்கத்திலும் ரோடு தெரியும்.
கோடு தெரியும், கல் தெரியும்,
எதிரே வரும் விளக்கும் தெரியும்.
ஒன்றுதான் குறை, சிஸ்டர்.
அந்த ரோட்டில் வளைவே இருக்காது."

இன்னும் அரைமணி நேரத்தில் ஹாரிஸ்மித்.
அதற்கப்பால் வான் ரீனன் கணவாய்,
முழுக்க வளைவு, முழுக்க இறக்கம்.

"ஹாரிஸ்மித்தில் நிறுத்து. மூன்று மணி நேரம் படு."
"துறைமுக கேட் ஏழரைக்கு, சிஸ்டர்.
தவறினால் அபராதம் என் தலையில்."
"நிறுத்து என்றேனே."

போன மாதம் ஒன்பதாம் எண்ணுக்கு
நான் அழைக்கவில்லை. இரண்டு விநாடிதானே என்று
தேநீர் ஊற்றப் போனேன்.
அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

தாமதத்துக்குக் காரணம் கேட்கிறது கணினி.
பட்டியல் இறங்குகிறது:
டயர் வெடிப்பு. விபத்து. சாலை மறியல்.
வேலைநிறுத்தம். மூடுபனி.
களைப்பு என்றொரு சொல்
அந்தப் பட்டியல் செய்தவனுக்குத் தெரியவில்லை.
மூடுபனியைத் தொட்டேன்.
அன்றிரவு கணவாய்க்கு மேலே
ஒரு துளி மேகம் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம்.
பதினேழாம் புள்ளி மூன்றே காலுக்கு அசையாமல் நின்றது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
தொட்டிலைப் பார்ப்பது போல.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து
சாட்ஸ்வொர்த் திரும்பும் வழியில், சிக்னலில்,
பின்னாலிருந்து டாக்சி ஹாரன், விடாமல்.
விளக்கு எப்போது பச்சையானது?
எத்தனை விநாடி?
என் முகத்துக்கு முன்னால் கேமரா கிடையாது.

டாக்சிக்காரன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணில் தூசி, என்றேன்.