ஈரமான பக்கம்

டோங்காட்டுக்கு வடக்கே
கரும்பைக் கொளுத்தி வெட்டி முடித்த சரிவில்
நூற்றிருபது வீடுகளுக்குச் சாக்கடை தோண்டிக்கொண்டிருந்தேன்.
எந்திரத்து வாளியின் பல்
ஒரு பானையின் தோளில் உரசியது.
கல்லில் பட்டால் கத்தும்.
குழாயில் பட்டால் மணியடிக்கும்.
இது இரண்டுமில்லை.
இருட்டில் தூங்குகிற ஆளைத் தெரியாமல் மிதித்துவிட்டால்
வருமே ஒரு சத்தம், அது.

அணைத்தேன்.
மேலே நின்று வான் ரென்ஸ்பர்க் கையை ஆட்டினான்,
ஓட்டு, ஓட்டு.
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அருங்காட்சியகத்திலிருந்து பூசிசிவே வந்தாள்.
பல் துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி,
பஞ்சடைத்த ஒரு பிஸ்கட் டின்.
குழிக்குள் குப்புறப் படுத்து
நாளெல்லாம் மண்ணை ஊதிக்கொண்டிருந்தாள்.
அவள் முதுகில் நிழல் விழும்படி
எந்திரத்தைத் தள்ளி நிறுத்தினேன்.
எனக்கு அன்று கூலி கிடையாது.

பானையின் அடியை யாரோ
வேண்டுமென்றே தட்டி எடுத்திருந்தார்கள்.
எடுத்த சில்லைத் தூர எறியவில்லை.
பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தார்கள்,
திரும்பவும் தேவைப்படும் என்பதைப் போல.
உள்ளே
தீக்குச்சி நீளத்தில் விலா எலும்புகள்.
மண்டையோடு என்று அவள் காட்டியது
காய்ந்த ஆரஞ்சுத் தோலாட்டம் ஐந்தாறு துண்டு.
தீக்கோழி முட்டையோட்டில் செய்த மணி,
ஒன்றே ஒன்று.

ஆயிரம் வருஷம் இருக்கலாம், என்றாள்.
மூச்சு விடாமல் பிறந்திருக்கும்.
அல்லது ஒரு வாரம் விட்டிருக்கும்.
பெரியவர்களுக்கு மாட்டுப்பட்டி ஓரம், காய்ந்த தரை.
இவர்களுக்கு மட்டும் வீட்டின் பின்புறம்,
கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம்.
சுடுகிற மண்ணில் வைத்தால்
மழை கோபித்துக்கொண்டு போய்விடுமாம்.
பானைதான் வயிறு.
ஓட்டை, ஈரம் போய்வர.
யாரும் எழுதிவைக்கவில்லை,
ஊகிக்கிறோம், என்றாள்.
இவ்வளவு சொன்னதில்
அந்த 'ஊகிக்கிறோம்' எனக்குப் பிடித்திருந்தது.

எண்பத்தேழு. வெள்ளம் வந்த செப்டம்பர்.
ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ்
என்னிடம் காகிதம் நீட்டினாள்.
ஆற்றுப் பாலம் போயிருந்தது.
உள்ளே சலாச்சிக்கு நினைவு போயிருந்தது.
எங்கே கொண்டுபோவீர்கள் என்றாள்.
பாதை இல்லையே என்றேன்.
அப்படியானால் இங்கே, என்று விரலை வைத்தாள்
நான் பெயர் எழுதவேண்டிய கோட்டில்.
குணசீலன் மூட்லி.
கடைசி எழுத்துக்கு மை இல்லை, கீறினேன்.
அவர்கள் எதை எங்கே கொண்டுபோனார்கள் என்று
கேட்கத் தோன்றவில்லை.
இருபத்துநாலு வயது எனக்கு. கால்சட்டை முழங்கால்வரை சேறு.

பையனா பெண்ணா என்று
கண் விழித்ததும் சலாச்சி கேட்டாள்.
தெரியாது என்றேன்.
பிறகு இரண்டு பிள்ளைகள், ஒரு கல்யாணம், கடன்,
இடையில் எப்போதாவது கேட்பாள்.
தெரியாது.

தெரியும்.
துணி விலகியிருந்தது.

பிஸ்கட் டின் பீட்டர்மரிட்ஸ்பர்க் போயிற்று,
ஒரு எண்ணோடு.
சாக்கடையை நான்கு மீட்டர் தள்ளி வெட்டச் சொன்னார்கள்.
வெட்டினேன்.
அன்று ராத்திரி சலாச்சி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கையில்
பானையைச் சொன்னேன், சில்லைச் சொன்னேன்,
சொட்டுகிற கூரையைச் சொன்னேன்.
அடியைத் தட்டியது தாயா, வேறு யாருமா
என்று மட்டும் கேட்டாள்.
அதை அவள் சொல்லவில்லை என்றேன்.
கத்தி பலகையில் போய்க்கொண்டே இருந்தது.
பெண், என்றேன்.
யார், என்றாள்.
பதில் சொல்லவில்லை நான்.
கத்தி நின்றது.

பின்சுவரோரம், மழைக்குழாய் கொட்டுகிற இடத்தில்
பாசி பிடிக்கிறது, வழுக்குகிறது,
சிமெண்ட் போடுங்கள் போடுங்கள் என்று
இரண்டு வருஷமாக நச்சரித்தவள்
காலையில் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்:
அங்கே ஒன்றும் போடவேண்டாம்.

வாங்கிவைத்த இரண்டு மூட்டையும்
கொட்டகையில் அப்படியே இறுகிக் கல்லாய்க் கிடக்கின்றன.
தூக்கிப் போடவேண்டும்.
முதுகு ஒத்துழைக்கிற ஒரு நாளில்.