மூன்றெழுத்துக்குத்தான் இடம்

ஆடி மாதம். தோட்டப்பாளையம் கல்யாண மண்டபம்
பாதி வாடகைக்குக் கிடைத்தது.
மணமேடையில் பதினோரு பழைய கணினிகள்.
மாலை மாட்டும் ஆணிகளில் ஒயர் சுற்றியிருந்தோம்.
வாட்ச்மேன் முனிரத்தினம்
ரப்பர் பொத்தான் ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு
விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

போட்டிக்குப் பொறுப்பு நான்.
அதாவது பெயர் எழுதுவது, சண்டை விலக்குவது,
டியூப் டி.வி. சுருங்கும்போதெல்லாம்
மின்வாரியத்துக்குப் போன் போடுவது.
விதிகளை அட்டையில் எழுதி ஒட்டினேன்:
ஆளுக்கு மூன்று உயிர்.
ஜாய்ஸ்டிக்கை முறித்தால் பணம் கட்ட வேண்டும்.
கேசட் ஓடும்போது மேசையில் சாயக் கூடாது.

கடைசி விதியை ஒருவரும் மதிக்கவில்லை.
ஐந்து நிமிடம் ஓடும் கேசட்,
தகர டப்பாவுக்குள் வெட்டுக்கிளி மாட்டியதைப் போல.
பேரணாம்பட்டு இம்தியாஸ் அதைக் காதால் படிப்பான்.
தோல் ஷெட்டில் டிரம் சுற்றும் சத்தத்தை வைத்தே
எந்த பேரிங் தேய்ந்ததென்று சொல்கிறவன்.
"இது போச்சுண்ணே, மறுபடி போடுங்க."
மூன்று முறை அவன் சொன்னபடியே ஆயிற்று.
நாலாவது முறை அவன் முழங்கை பட்டுத்தான் ஆயிற்று.

ஆட்டம் முடிந்தால் திரை பெயர் கேட்கும்.
அந்தக் காலத்துக் கணினிக்கு
மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் கொள்ளாது.
குடியாத்தம் ருக்மாங்கதன் ஆர் யு கே ஆனார்.
காட்பாடி தரணேந்திரன்,
வீட்டுக்குத் தெரியாமல் சொந்த ஜாய்ஸ்டிக்கை
டிபன் பையில் கொண்டுவந்த ரயில்வே கிளார்க்,
அப்பா பெயரின் முதலெழுத்துக்கு இடமில்லையே என்று
கொஞ்ச நேரம் பொத்தானைத் தொடவே இல்லை.

மூன்று மணி வெயிலில் ஒரு பெண் ஒதுங்கி நின்றாள்,
உள்ளங்கையில் மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு.
"பொஷுன்" என்றேன்.
அவ்வளவு வங்காளம்
காந்தி ரோட்டில் தேங்காய் விற்பவருக்கும் தெரியும்.
விரல்களால் சொன்னாள்: தன் டோக்கன் இருநூற்றுப் பதினேழு,
அங்கே ஓடுவது நூற்று நாற்பது.
நோட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
217 என்று எழுதி உட்காரவைத்தேன்.

வானத்திலிருந்து கட்டம் கட்டமாய் இறங்குவதைச்
சுட்டு வீழ்த்தும் ஆட்டம்.
மற்றவர்கள் கண்டதையெல்லாம் சுட்டார்கள்.
அவள் தன்மேல் விழப்போவதை மட்டும் சுட்டாள்,
மீதியைப் போகவிட்டாள்.
இருபதாயிரம் தாண்டியபோது இம்தியாஸ் டீயை மறந்தான்.
முப்பத்தைந்தில் தரணேந்திரன்
நாற்காலியை அவள் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.
எங்கே கற்றாய் என்று கேட்கும் அளவுக்கு
எங்கள் யாரிடமும் வங்காளம் இல்லை.

நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
கடைசி உயிர்.
அவள் போன் அடித்தது.
கேட்டாள். எழுந்தாள்.
செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு
வெயிலுக்குள் போய்விட்டாள்.
அந்த ஆட்டத்தில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது.
ஆளில்லாத கப்பல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நிற்கவில்லை.
திரை பெயர் கேட்டது.
எண்ணை வாங்காது, எழுத்துதான் வேண்டும்.
யாரோ மூன்று முறை தட்டினார்கள்.
முதலிடத்தில்: ஏ ஏ ஏ.

பரிசு ஒரு ஹாட் பாக்ஸ்.
தரணேந்திரனிடம் நீட்டினேன்.
"நான் ரெண்டாவதுதான் சார்" என்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
ஏழு மணிக்கு மண்டபம் ஒப்படைக்க வேண்டும்.
இந்தக் கணினிக்கு ஞாபகம் கிடையாது,
ப்ளக்கைப் பிடுங்கினால்
நாற்பத்தெட்டாயிரமும் இல்லை, அவளும் இல்லை.
மற்ற பத்தையும் கட்டினோம். ஒயர் சுருட்டினோம்.
இதை மட்டும் சுற்றிச் சுற்றிப் பெருக்கினோம்.

ஒன்பது மணிக்கு முனிரத்தினம் மெயின் சுவிட்ச் பக்கம் வந்தார்.
மணமேடையில் பச்சை வெளிச்சம்.
எழுத்துக் கூட்டிப் படித்தார்:
"ஏ... ஏ... ஏ...
யாரைக் கூப்பிடுது இது?"

இருநூற்றுப் பதினேழை என்றேன்.

வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து
அவர் ஃபேனை மட்டும் அணைத்தார்.