விலக்கு அளிக்கப்பட்ட வாகனங்கள்

பக்கத்துக்கு இருநூறு ரூபாய்.
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
மஞ்சக்குப்பத்தில், நீதிமன்றத்துக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
ஒன்பது நாளில் தமிழாக்கினேன்
உப்பனாற்றின் மேல் இன்னும் இல்லாத ஒரு பாலத்தை.

முதல் பக்கத்திலேயே தடுக்கியது.
அரசு, தரப்பு ஒன்று.
கம்பெனி, தரப்பு இரண்டு; சொற்கோவைப்படி
'சலுகைதாரர்'.
சலுகை என்றால் எனக்குத் தெரிந்தது
பள்ளிப் பிள்ளையின் பஸ் பாஸ்,
ஆடி மாதத்து ஜவுளிக்கடை.
முப்பது வருஷம் சுங்கம் தண்டும் உரிமைக்குக்
கைக்குழந்தைச் சட்டையை மாட்டிவிட்டார்களா?
வேறு சொல் தேடினேன்.
அரசாணையே அப்படித்தான் எழுதுகிறது.
போட்டுவிட்டேன்.

வண்டிகள் குறைந்தால் ஒப்பந்தக் காலம் நீளும்.
விலைவாசி ஏறினால் கட்டணம் ஏறும்;
இறங்கினால் என்று ஒரு வரி இருக்குமென்று
முன்னும் பின்னும் இரண்டு தரம் புரட்டினேன்.
கணக்கில் விழும் பள்ளத்தை அரசுப் பணம் மூடும்.
அதற்குப் பெயர் 'நிலைப்புத்திறன் இடைவெளி நிதி'.
பல் டாக்டர் சொல்வதுபோல் இருந்தது.
தகராறு வந்தால் நடுவர்கள் அமர்வது புதுதில்லியில்.

பிரிவு முப்பத்து நான்கு, தெய்வச் செயல்:
புயல், பெருவெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை.
எது வந்தால் யார் தலையில் எவ்வளவு
என்பதற்கும் ஒரு சூத்திரம்.
அந்தப் பக்கத்துக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை.
கடலூர்க்காரருக்குப் பட்டியல் மனப்பாடம்.

'மக்கள்' என்ற சொல் ஒரே இடத்தில் வந்தது,
பக்கம் நூற்று அறுபத்து மூன்றில்:
'மக்களால் ஏற்படக்கூடிய இடையூறு'.

எட்டாம் நாள் ராத்திரி
கட்டண அட்டவணைக்கு வந்தேன்.
விலக்கு அளிக்கப்பட்டவை:
ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, ராணுவ ஊர்தி,
அமரர் ஊர்தி.
பதினொன்றரை மணி. கொசுவர்த்தி சாம்பலாகியிருந்தது.
அமரர் ஊர்திக்கு அப்புறம் ஒரு காற்புள்ளி வைத்து
'மீன்பாடி வண்டி' என்று அடித்தேன்.
மூலத்தில் இல்லை.
செத்தவர் இலவசமாகக் கடக்கும் பாலத்தில்
சங்கராவும் நெத்திலியும் கடக்கட்டுமே
என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் முதுநகர்ச் சமுதாயக் கூடத்தில்.
டீ, கடலைப்பருப்பு வடை.
திரையில் பாலம்; கீழே
யாரும் பார்த்திராத நீலத்தில் உப்பனாறு.
வட்டாட்சியர் இதாயத்துல்லா மைக்கைத் தட்டினார்.

சோனாங்குப்பத்து அம்சவல்லி எழுந்தாள்.
சண்டைக்கென்றே வந்திருந்தாள்,
இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களோடு.
"முப்பது வருஷமா? அப்ப எனக்கு எம்பத்திரண்டு" என்று
தொடங்கியவள் கையில்
தமிழ்ப் பிரதி.
விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஏய், நம்ம வண்டிக்குக் காசு இல்லயாம்டி.
தோ பாரு, அச்சுலயே போட்டிருக்கு."

அந்த வரி வரிசை வரிசையாகக் கைமாறியது.
இன்னொருத்தி சத்தமாகப் படித்தாள்.
யாரோ கைதட்டினார்கள்.
கொண்டுவந்த கேள்விகளை
முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

என் கையில் பாதி வடை.
எழுந்து சொல்லியிருக்கலாம்.
சொல்லலாம் என்று நான் முடிவுசெய்தபோது
வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

நடவடிக்கைக் குறிப்பு மறுநாள் வந்தது:
'பொருள் தமிழில் விளக்கப்பட்டது.
ஆட்சேபம் ஏதுமில்லை.'

கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு பிரிவு உண்டு.
'தமிழாக்கத்துக்கும் ஆங்கில மூலத்துக்கும்
முரண்பாடு எழுமிடத்து
மூலமே செல்லும்.'
அதையும் நான்தான் தமிழாக்கினேன்,
ஒரு காற்புள்ளிகூடக் கூடாமல்.

பத்து சதவீத வரி பிடித்தம் போகக்
காசோலை வந்தது.
எண்ணிப் பார்த்தேன்.
அந்தப் பக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள்.