முன்வாசல்

பத்தே முக்கால்.
வேலூர் காந்தி ரோட்டில்
வங்காள எழுத்து லாட்ஜ் போர்டுகள்
ஒவ்வொன்றாய் அணைகின்றன.

கல்லாவில் இருந்தபடியே செல்லில் ஏற்றினேன்:
இட்லி பதினாறு, வடகறி கொஞ்சம்,
தயிர்சாதம் மூன்று பொட்டலம். இலவசம்.
படத்தில் சட்டியின் கரி விழாமல் பார்த்துக்கொண்டேன்.

மிச்சத்தைக் குப்பையில் கொட்டாத ஓட்டல் என்று
ஐந்து நட்சத்திரம் தந்திருக்கிறது ஆப்.
முதலாளிக்கு அதில் ஒரே பூரிப்பு.
சமையல்கட்டில் அவர் ஒட்டிய தாள் மட்டும்
எண்ணெய் ஊறி அப்படியே இருக்கிறது:
வேலையாட்கள் மிச்சம் எடுத்துப்போகக் கூடாது.

‘வேண்டும்’ என்று அழுத்தியவர் பெயர் டி.கே.
ஆறு நிமிடத்தில் வருவார் என்றது.
நான்கில் வந்தார்.

தலை சீவி, சட்டை மாற்றி,
விரல் நுனி இன்னும் சோப்புத் தண்ணீரில் சுருங்கியபடி
தனகோட்டி.
பாத்திரம் கழுவிவிட்டுச் சற்றுமுன்
பின்சந்து வழியாகப் போனவன்.

போனை நீட்டினான். நான்கு எண்கள்.
சரிபார்த்தேன். சரிதான்.

எடுக்க வருகிறவரிடம்
கேட்டாக வேண்டிய ஒன்று உண்டு, கேட்டேன்:
“பை கொண்டுவந்திருக்கீங்களா, சார்?”

அவன் சிரிக்கவில்லை.
“சட்னி வைக்கல” என்றான்.